காப்புக் கட்டிய ஊரில் ஒரு புத்தகம்

ஒரு புத்தகத்தைக் கையால் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து, அந்தத் துண்டால் பிடித்து அதைத் தூக்கிக்கொண்டு போன மனிதரை நான் பார்த்திருக்கிறேன். அடுப்பிலிருந்து பால் சட்டியை இறக்குவதுபோலத்தான் பிடித்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் நின்றிருந்த பைக்கின் பெட்டியைத் திறந்து, அதற்குள் புத்தகத்தைப் போட்டு, மூடியைப் பட்டென்று அடைத்தார். பங்குனி வெயில். எனக்கு வந்த கோபத்தில் வெயில் உறைக்கவே இல்லை.

அவர் பெயர் முத்திருளாண்டி. பரளச்சிக்கு அப்பால் உள்ள ஒரு ஊரில் பருத்தி, மிளகாய், மல்லி போடுகிற சம்சாரி. ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பங்குனிப் பொங்கலுக்குக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடுவதை நான் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

அந்த ஊர் அரசுப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். வீடு அருப்புக்கோட்டையில். தினமும் காலைப் பஸ்ஸில் போய் மாலைப் பஸ்ஸில் திரும்புவேன். கடை வியாபாரம் செய்கிற குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் வாய் அதிகம். வாய் அதிகமாக இருப்பவர்கள் தலையில் கூடுதல் வேலையைக் கட்டுவது எல்லாப் பள்ளிகளிலும் உள்ள வழக்கம்தான். என் தலையில் கட்டப்பட்டது நூலகம்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆய்வக அறையின் மூலையில் ஒரு பச்சை நிறப் பீரோ, பக்கத்தில் கதவு கழன்ற ஓர் அலமாரி. அவ்வளவுதான்.

பூட்டு பார்த்த வேலை

இப்போது எங்கே பார்த்தாலும் பள்ளி நூலகத்தில் எந்தப் புத்தகம் இருக்கலாம், எது கூடாது என்று சண்டை நடக்கிறது. டி.வி.யில் கழுத்து நரம்பு புடைக்கப் பேசுகிறார்கள். நான் படித்த காலத்தில் இந்தச் சண்டையே கிடையாது. காரணம் எளிது. புத்தகப் பீரோவின் சாவி தலைமையாசிரியரின் மேசைக்குள் இருக்கும். அந்த மேசையின் சாவி அவருடைய அரைஞாணில் இருக்கும். எந்தப் புத்தகத்தையும் யாரும் நீக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அந்த வேலையைப் பூட்டே பார்த்துக்கொண்டது.

நான் சாவியை வாங்கியதும் முதலில் பூட்டைக் கழற்றினேன். திறந்து வைத்தால்தான் வினை. முதல் புகார் ஒரு வரைபடப் புத்தகத்தின் மேல் வந்தது. "பந்தல்குடி போட்டிருக்கு, பரளச்சி போட்டிருக்கு. எங்க ஊரை மட்டும் ஏன் போடல? இதைப் படிச்சா பிள்ளைக நம்ம ஊரை என்னன்னு நெனைக்கும்?" என்று ஒருவர் வந்து கேட்டார். அவருக்காக நானே பேனாவால் ஒரு புள்ளி வைத்து ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தேன். மகிழ்ச்சியாகப் போய்விட்டார்.

நீக்குவதே தப்பு என்று அடித்துப் பேசுகிற ஆளும் நான் இல்லை. கனவுக்குப் பலன் சொல்லும் புத்தகம் ஒன்று எப்படியோ எங்கள் அலமாரிக்குள் நுழைந்துவிட்டது. கனவில் பாம்பு வந்தால் ஆங்கிலத்தில் தேறிவிடலாம் என்று ஒன்பதாம் வகுப்பு முழுக்க நம்பத் தொடங்கியதும், அதை எடுத்துப் பீரோவின் உச்சியில் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. தீர்மானமும் போடவில்லை.

முத்திருளாண்டி துண்டால் தூக்கிய புத்தகம் அந்த வகை இல்லை. வளரும் பெண்பிள்ளைகளுக்காக ஒரு டாக்டரம்மா எழுதியது. மாதவிலக்கு ஏன் வருகிறது, வலித்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது மருத்துவமனைக்குப் போக வேண்டும், கடைசிப் பக்கங்களில் அம்மாக்களின் வயதில் வரும் சிக்கல்கள் என்று நிதானமாகச் சொல்லியிருப்பார். அட்டையில் கர்ப்பப்பையின் கோட்டுப்படம். என்னைக் கேட்டிருந்தால் அட்டையில் மட்டும் ஒரு செம்பருத்திப் பூவைப் போடச் சொல்லியிருப்பேன். யார் என்னைக் கேட்டார்கள்?

இந்தச் சங்கதிகள் அறிவியல் பாடத்திலும் உண்டு. நான் மாணவியாக இருந்தபோது அந்தப் பாடம் வந்ததும் எங்கள் டீச்சர், "இதை நீங்களே வாசிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் டீச்சரானதும் வேப்பமரத்தைப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனால் பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் வகுப்பில் எந்தப் பிள்ளை எழுந்து சந்தேகம் கேட்கும்? கேட்க முடியாதவர்களுக்காகத்தான் அந்தப் புத்தகம்.

அலமாரியின் கீழ்த்தட்டில் அதை வைத்திருந்தேன். பிள்ளைகள் இரண்டு பேராகச் சேர்ந்து வந்து எடுப்பார்கள். ஒருத்தி எடுக்க, இன்னொருத்தி மறைத்து நிற்பாள்.

தலைவர் நின்றுகொண்டிருந்தார்

முத்திருளாண்டியின் மகள் பவித்ரா ஒன்பதாம் வகுப்பு. அவள் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஒளித்து வைக்கத் தெரியாத பிள்ளை. டி.வி. மேல் வைத்துவிட்டுக் குடிதண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். பருத்திக் காட்டிலிருந்து வந்த அப்பா ரிமோட்டைத் தேடினார். புத்தகம் அகப்பட்டது.

மறுநாளே புத்தகத்தை மகளிடம் திருப்பிக் கொடுத்தனுப்பிவிட்டு, பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டச் சொன்னார். இந்தக் குழுவுக்கு மாணவர் ஒருவரின் தாய்தான் தலைவராக இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் தலைவர் பஞ்சவர்ணம், முத்திருளாண்டியின் மனைவி. தலைவர் வாய் திறந்து பேச வேண்டும் என்று மட்டும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் கையெழுத்துப் போடுவார். பேச்செல்லாம் அவருடைய வீட்டுக்காரர் பேசுவார்.

கூட்டம் ஆய்வக அறையில் நடந்தது. தலைமையாசிரியர் சண்முகவேல் சார் நல்லவர். யார் பேசினாலும் தலையாட்டுவார். பஞ்சவர்ணத்துக்கு நான் நாற்காலியை நகர்த்திப் போட்டேன்.

"இருக்கட்டும் டீச்சர், நிக்கிறேன்" என்று பச்சைப் பீரோவில் சாய்ந்துகொண்டார். கத்திரிக்காய் நிறத்தில் சேலை. பல மாதங்களாகவே அவரை அடர்ந்த நிறச் சேலைகளில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சேலைகளைப் பற்றி நான் ஒன்றும் யோசிக்கவில்லை.

முத்திருளாண்டி சத்தம் போடவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். மெதுவாகத்தான் பேசினார்.

"டீச்சர், நீங்க படிச்சவுக. நாங்க காட்டுல கிடக்கிறவுக. ஆனா பொம்பளப்பிள்ளைக்கு எதை எப்பச் சொல்லணும்னு வீட்டுல இருக்கவுகளுக்குத் தெரியும்."

"வீட்டுல சொல்றீகளா அண்ணே?"

"அதுஅது வயசுல தானாத் தெரிஞ்சிரும்."

"தானாத் தெரியும்னா பள்ளிக்கூடமே எதுக்கு? பிள்ளைக எல்லாம் வீட்டுலயே இருக்கலாமே."

"டீச்சர், டீச்சர்" என்றார் சண்முகவேல் சார்.

கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தாய் தயங்கித் தயங்கிப் பேசினார். "புஸ்தகத்துல தப்பில்லதான். ஆனா படிச்சுட்டு வந்து எங்களைக் கேள்வி கேக்குதுகளே டீச்சர். நாங்க என்னத்தச் சொல்றது? எங்களுக்கு யாரு சொன்னா?"

முத்திருளாண்டி அதையும் தன் பக்கத்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். "பாத்தீகளா? பயலுக பாக்குற எடத்துல அந்தப் படத்தை வைக்கலாமா? உங்க வீட்டு ஹால்ல மாட்டுவீகளா டீச்சர்?"

மாட்ட மாட்டேன்தான். அந்த எரிச்சலும் சேர்ந்து எனக்குக் குரல் ஏறியது. "வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாமயே ஒரு பொம்பள செத்துப் போகலாம் அண்ணே, அது பரவாயில்லையா?" என்று கேட்டேன். பஞ்சவர்ணம் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

கடைசியில் தீர்மானம் ஆனது. புத்தகத்தைக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பி மேலிடத்து முடிவைக் கேட்பது. அதுவரை அது பள்ளி வளாகத்துக்குள் இருக்கக் கூடாது. பஞ்சவர்ணம் பீரோவில் சாய்ந்தபடியே கையெழுத்துப் போட்டார்.

எல்லை தாண்டாத சாமான்

அன்று மாலைப் பஸ்ஸில் நானே எடுத்துப் போய் மறுநாள் அலுவலகத்தில் கொடுத்துவிடுவது என்று சண்முகவேல் சார் சொன்னார். நான் பைக்குள் வைக்கப் போனேன்.

"டீச்சர், அது முடியாது" என்றார் முத்திருளாண்டி. அவருடைய வலது கையைத் தூக்கிக் காட்டினார். மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் துண்டு. அன்று காலையில்தான் ஊரில் காப்புக் கட்டியிருந்தார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பங்குனிப் பொங்கலுக்கு அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், பொங்கல் முடியும்வரை அந்த ஊருக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. கறி கிடையாது. குழம்பு தாளிக்கக் கூடாது. வெளியே போனவர்கள் பொழுது சாய்வதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். ஊர்ச் சாமானை வெளியூர்க்காரர்களிடம் கொடுத்துவிடக் கூடாது. மாதவிலக்கு வரும் என்று தெரிந்த பெண்கள், காப்புக் கட்டுவதற்கு முன்பே சொந்தக்காரர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். ஊருக்காகக் கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்கள் பகலிலும் எல்லையைத் தாண்ட முடியாது. முத்திருளாண்டி அப்படிக் கட்டிக்கொண்டவர்.

"இது கவருமெண்டு புஸ்தகம் அண்ணே. ஊர்ச் சாமான் இல்ல."

"ஊர் எல்லைக்குள்ள இருக்கிறதெல்லாம் ஊர்ச் சாமான்தான் டீச்சர். வம்பு வேண்டாம்."

"அப்ப இங்கயே இருக்கட்டும்."

"அதான் இங்க இருக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டாச்சே."

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். புத்தகம் உள்ளேயும் இருக்கக் கூடாது, வெளியேயும் போகக் கூடாது. சண்முகவேல் சார் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

"சரி, எங்க வீட்டுப் பரண்ல கிடக்கட்டும். பொங்கல் முடிஞ்சு நானே டவுனுக்குக் கொண்டுபோய்க் குடுத்திர்றேன்" என்றார் முத்திருளாண்டி. காப்புக் கட்டிய கையால் அதைத் தொட அவருக்கு மனமில்லை. அதனால்தான் துண்டு.

பள்ளிக்கூடத்துக்கு ஆகாது என்று விரட்டப்பட்ட புத்தகம், விரட்டியவர் வீட்டுக்கே குடிபோனது. பஸ்ஸில் உட்கார்ந்து அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கொஞ்சம் பொருமலும் இருந்தது. வழியெல்லாம் ரோட்டோரம் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்தார்கள். கண்ணெல்லாம் எரிந்தது.

ஒயர்கூடை

அதற்குப் பிறகு ஊரில் தினமும் கும்மி, குழாய் ரேடியோவில் பாட்டு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். அப்படி ஒரு முற்பகல், நான் ஆய்வகத்தில் தனியாகச் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். பஞ்சவர்ணம் வந்து நின்றார். கையில் ஒயர்கூடை. கூடைக்கு மேலே கறிவேப்பிலைக் கொத்து.

"வாங்க. என்ன, தாளிக்கக் கூடாத ஊர்ல கறிவேப்பிலை?" என்று கேலி செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கறிவேப்பிலையை விலக்கினார். அடியில் அந்தப் புத்தகம் இருந்தது.

"பொங்கப் பானை எடுக்கப் பரணுக்கு ஏறுனேன் டீச்சர். இது கைக்குத் தட்டுப்பட்டுச்சு." பத்தாவது வரை படித்தவர் பஞ்சவர்ணம். எழுத்துக் கூட்டாமலே வாசிப்பார். கடைசிப் பக்கங்களில் ஓர் இடத்தில் துடைப்பக் குச்சியை அடையாளத்துக்கு வைத்திருந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "இதுல போட்டிருக்கிறது அம்புட்டும் எனக்கு இருக்கு. சரியா வாசிச்சேனான்னு நீங்க ஒருக்கப் பாருங்க."

நான் வாசித்தேன். நாள் கணக்கில்லாமல் போகும் உதிரம், அடிவயிற்றுக் கனம், நடந்தால் மூச்சு வாங்குதல், மயக்கம். சாபமும் இல்லை, பாவமும் இல்லை, கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம், தள்ளிப் போடாமல் மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதியிருந்தது.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்து. விட்டுவிட்டு வரும். மாசியில இருந்து விடவே இல்ல."

"வீட்டுல தெரியுமா?"

"நின்னு போச்சுன்னு அவுககிட்டச் சொல்லி வச்சிருக்கேன். நான் உள்ளதச் சொன்னா அவுக காப்புக் கட்ட முடியாது. எங்க அம்மா ஊருக்குப் போயிருக்கணும். எத்தனை தடவை போறது? போனா ஊர்ல என்னான்னு கேப்பாக." குரல் இறங்கியது. "ஆத்தா கோவம்னு நெனச்சேன் டீச்சர். காப்புக் கட்டுன வீட்டுல இப்படி இருக்கேனே, அவுகளுக்கு எதுவும் ஆயிருமோன்னு தெனம் பயந்து சாகுறேன்."

அவர் கையைப் பிடித்தேன். நகங்கள் எல்லாம் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தன. கூட்டத்தில் அவர் ஏன் நாற்காலியில் உட்காரவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை மாதமும் அந்தச் சேலைகளைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

"இப்பவே கிளம்புங்க. மதியப் பஸ்ஸுக்குப் போவோம்" என்றேன்.

"பொழுது சாயுமுன்ன வந்திரலாமா?"

"வந்திரலாம்" என்று சொன்னேன். வந்துவிட முடியாது என்று மனது சொன்னது.

அரை நாள் விடுப்புக் கேட்கப் போனேன். சண்முகவேல் சார் பஞ்சவர்ணத்தைப் பார்த்தார். கூடைக்குள் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். "நான் ஒண்ணும் பாக்கல டீச்சர். போயிட்டு வாங்க" என்றார்.

பஸ் நிறுத்தம்

பஸ் நிற்கும் இடத்தை ஒட்டித்தான் எல்லைக்கல். காப்புக்காக அதில் வேப்பிலை கட்டி மஞ்சள் பூசியிருந்தார்கள். கல்லுக்கு இந்தப் பக்கம் முத்திருளாண்டி, குழாய் ரேடியோ கட்டும் ஆட்களோடு பேசிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் வந்தார்.

"எங்க கிளம்பியாச்சு?"

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயெடுத்தேன். பஞ்சவர்ணம் என் கையை அழுத்தினார்.

"ஆசுபத்திரிக்கு. நின்னு போச்சுன்னு சொன்னேன்ல, அது பொய்யி. நிக்கல. நீங்க காப்புக் கட்டுன அன்னைக்கும் இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

முத்திருளாண்டியின் இடது கை தானாகப் போய் வலது மணிக்கட்டைப் பிடித்தது. கயிற்றைப் பிடித்தபடியே நின்றார். அவர் கத்தினால் திருப்பிக் கொடுக்க நான் ஒரு மூட்டை வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

"மயக்கமா வருதுன்னியே, வெயிலுக்குன்னு சொன்னியே, அதெல்லாம் இதுக்குத்தானா?" என்று மட்டும் கேட்டார்.

பஞ்சவர்ணம் தலையசைத்தார். பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினார்.

"டீச்சர், நான் தாண்ட முடியாது. கூட இருந்து கூட்டிட்டு வாங்க" என்றார் முத்திருளாண்டி. பஸ் கிளம்பி வளைவு திரும்பும்வரை, பின்கண்ணாடியில் பார்த்தேன். கல்லுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார்.

அருப்புக்கோட்டை மருத்துவமனையில் டாக்டர், பஞ்சவர்ணத்தின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "நடந்தா வந்தீங்க?" என்று கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பெரிதாக இருந்தது. அதைவிட, உடம்பில் ரத்தம் இல்லை. முதலில் ரத்தம் ஏற்ற வேண்டும், இங்கேயே படுக்க வேண்டும், இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் யாருக்கும் வேலை இருந்திருக்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

பஞ்சவர்ணம் படுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். "பொழுது சாயுமுன்ன எல்லைக்குள்ள போயிறணும் டீச்சர். அவுக கையில காப்பு இருக்கு." நான் முத்திருளாண்டிக்குப் போன் போட்டு விவரத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வார்டு வாசலில் வந்து நின்றார். வேட்டியெல்லாம் செம்மண் புழுதி. பக்கத்தில் பவித்ரா, கையில் டிபன் தூக்கு. நான் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தேன். கயிறு இல்லை. மஞ்சள் கறை மட்டும் இருந்தது.

"பூசாரிகிட்டச் சொல்லி அவுத்துட்டேன். தம்பி கையில கட்டியிருக்கு" என்றார்.

பாதிப் பொங்கலில் காப்பை அவிழ்த்தவர் என்று அந்த ஊரில் அதுவரை யாரும் இல்லை. கோயில் முன்னால் அவரை என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர்மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், தூக்கை வாங்கித் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

தலையணைக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் கிடந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"இது எப்படி எல்லை தாண்டுச்சு?"

"நீங்க எப்படித் தாண்டுனீகளோ அப்படித்தான்" என்றார் பஞ்சவர்ணம். கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

காலண்டர் அட்டை

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோடை விடுமுறை போய் பள்ளி திறந்ததும் குழு கூடியது. பஞ்சவர்ணம் இன்னும் ஓய்வில் இருந்தார். முத்திருளாண்டி மட்டும் வந்தார். பழைய தீர்மானம் வேண்டாம் என்று அவரே சொன்னார். துண்டில்லாமல், வெறும் கையால் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"அட்டைப் படம்தான் உறுத்துச்சு டீச்சர். நானே அட்டை போட்டுக் கொண்டாந்திருக்கேன். இனிமே யாரும் வாய் திறக்க முடியாது."

உண்மைதான். யாரும் திறக்க முடியாது. காலண்டர் தாளால் அட்டை போட்டிருந்தார். முன்பக்கம் முழுக்க அம்மன், கையில் சூலம், நெற்றியில் பெரிய குங்குமம். சண்முகவேல் சார் தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டார். நானும் சந்தோஷமாகத்தான் வாங்கிக் கீழ்த்தட்டில் வைத்தேன்.

வாரங்கள் ஓடின. ஒரு பிள்ளைகூட அந்தப் புத்தகத்தை எடுக்கவில்லை. அலமாரிக்கு முன்னால் வருவார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், போய்விடுவார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பவித்ராவைப் பிடித்துக் கேட்டேன்.

"ஆத்தா படம் இருக்குல்ல டீச்சர். அந்த நாள்ல தொடக் கூடாது" என்றாள்.

"மத்த நாள்ல எடுக்கலாம்ல?"

"மத்த நாள்ல அந்தப் புஸ்தகம் எதுக்கு டீச்சர்?"

மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. தீர்மானம் போட்டு விரட்டியபோதுகூட அந்தப் புத்தகம் பிள்ளைகளுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கவில்லை. விரோதம் என்றால் நான் வாதாடியிருப்பேன். இது பக்தி. அசலூரிலிருந்து வந்து வேலை பார்க்கிற நான் அம்மன் படத்தைக் கிழித்தேன் என்று பேர் வந்தால், அடுத்த தீர்மானம் புத்தகத்தைப் பற்றி இருக்காது, என்னைப் பற்றித்தான் இருக்கும்.

அடுத்த கூட்டத்துக்குப் பஞ்சவர்ணம் வந்தார். இளமஞ்சள் சேலை, வெள்ளைப் பூப்போட்டது. முகத்தில் சதை பிடித்திருந்தது. முத்திருளாண்டி பைக்கை நிழலில் நிறுத்த இடம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் தொடங்குமுன் பஞ்சவர்ணத்திடம் நடந்ததைச் சொன்னேன்.

அவர் கீழ்த்தட்டிலிருந்து புத்தகத்தை எடுத்தார். ஒரு நிமிடம் அம்மனைப் பார்த்தார். பிறகு காலண்டர் தாளைக் கிழிக்காமல் மெதுவாகக் கழற்றி, அப்படியே திருப்பினார். படம் உள்பக்கம் போனது, வெள்ளைப் பக்கம் வெளியே வந்தது. மடிப்புகளை நகத்தால் அழுத்தி மறுபடி அட்டையை மாட்டினார். என்னிடமும் கேட்கவில்லை, வெளியே நின்ற வீட்டுக்காரரிடமும் கேட்கவில்லை.

"ஆத்தாவும் பொம்பளதான டீச்சர். உள்ள இருந்து படிக்கட்டும்."

புத்தகத்தைக் கீழ்த்தட்டில் வைத்தார். அதற்குள் முத்திருளாண்டி வாசலுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பஞ்சவர்ணம் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆரம்பிப்பமா சார்?" என்று சண்முகவேல் சாரைக் கேட்டார்.